ரப்பர் மேடத்தின் வலது காது

முகம் பார்த்துப் பழகுகிறவர்கள் உண்டு, குணம் பார்த்துப் பழகுகிறவர்கள் உண்டு. முதலில் காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் "உங்க பேரு என்ன?" என்று கேட்கிற ஆள் திருவனந்தபுரத்துப் பக்கம் இந்தக் கழக்கூட்டம் ஊரிலேயே, ஏன் கேரளத்திலேயே, எங்கள் ரப்பர் மேடம் ஒருத்திதான்.

கம்ப்யூட்டர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிற பெண்பிள்ளைகள் தங்குகிற ஹாஸ்டலில் நான் சமையல் செய்கிறேன். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். பிள்ளைகள் ஆச்சி என்பார்கள், மலையாளத்துப் பிள்ளைகள் அம்மச்சி என்பார்கள். நான் பேசுவது குறைவு. இன்னும் சோறு வேண்டுமா என்பதைக்கூடக் கரண்டியை லேசாக ஆட்டித்தான் கேட்பேன். அப்படிப்பட்ட எனக்கு இப்படிப்பட்ட ஒருத்தி வந்து வாய்த்தாள்.

செங்கோட்டைக்காரி. நாற்பது வயது இருக்கும். அவளும் கம்பெனி வேலைக்குத்தான் வந்தவள். வந்து இறங்கின அன்றைக்குக் கையில் ஒரு எவர்சில்வர் அஞ்சறைப்பெட்டி. பரவாயில்லையே, சமையல் தெரிந்த பிள்ளை போலிருக்கிறதே என்று ஆசையாகத் திறந்து பார்த்தேன். ஒரு கிண்ணத்தில் மிளகு மாதிரி கறுப்பாக இருந்தது. ஒன்றில் ஜவ்வரிசி மாதிரி வெள்ளையாக. ஒன்றில் சுண்டைக்காய் வத்தல் மாதிரி சாம்பல் நிறத்தில். நடுக்கிண்ணத்தில் ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்த குடை மாதிரி ரெண்டடுக்குச் சாமான்கள். எல்லாமே ரப்பர்! பாட்டுக் கேட்கிற இயர்போன் நுனியில் காதுக்குள் போகிற மெத்து ஒன்று இருக்குமே, அதுதான்.

"தொடாதீங்க ஆச்சி, சைஸ் கலந்துரும்" என்று பதறினாள்.

"இதுக்கா தாயி அஞ்சறைப்பெட்டி?"

"பின்னே? இயர்போன் எவ்வளவு ஒசத்தியா இருந்தா என்ன, ரப்பர் சேரலைன்னா பாட்டு விளங்காது. குக்கர்ல வாஷர் லூசானா விசில் வருமா? ஆவி பூரா சைடு வழியாப் போயிரும் அல்லே? அதே கதைதான். ரப்பர் லூசானா செண்டை மேளத்தோட அடி பூரா வெளிய போயிரும். மிச்சம் நிக்கது ஜால்ரா மட்டும்தான், கேட்டோ."

எனக்கு அது உடனே புரிந்தது. புரிந்ததுதான் தப்பாகிவிட்டது. கேட்டால் புரிகிற ஆள் ஒன்று கிடைத்ததென்று அன்றிலிருந்து எனக்குத் தினமும் பாடம்.

அவளுடைய வேட்டை காலை இட்லி நேரத்தில் நடக்கும். கம்பெனி பஸ் வாசலுக்கு வருகிற நேரமாகப் பார்த்து ஒரு பிள்ளையைப் பிடிப்பாள். காதில் ஒரு ரப்பரை மாட்டி, போனில் செண்டை மேளம் போடுவாள்.

"அடி கேக்குதா?"

"கேக்குது சேச்சி."

"எங்க கேக்குது?"

"காதுலதான்."

"காதுல கேட்டாப் போதாது, வயித்துல கேக்கணும்!" என்று அதைக் கழற்றிவிட்டு, வாய் அகன்ற ஒன்றை மாட்டுவாள். "இப்ப?"

"இப்ப ஜால்ரா மண்டைக்குள்ள குத்துது சேச்சி."

அடுத்து அந்தச் சாம்பல் நிறப் பஞ்சு. விரலால் மிளகளவுக்கு உருட்டி, பிள்ளையின் காதை மேலே இழுத்துப் பிடித்து, உள்ளே செருகிவிட்டு, "அனங்காதே, அசையப்பிடாது, உள்ள போய் விரியணும்" என்பாள். அது இட்லிமாவு பொங்குகிற மாதிரி ஆடி அசைந்து பொங்கிக் காதை அடைக்கும். "இப்ப எப்படி?"

"அடி நல்லாருக்கு. ஜால்ராவைத் துணியில சுத்தின மாதிரி இருக்கு. சேச்சி, பஸ்ஸு..."

பஸ் போய்விட்டிருக்கும். ஹாரன் அடித்துவிட்டுத்தான் போகும், ஆனால் இந்த அடைப்புக்குள் ஹாரன் எங்கே கேட்கும்? மேனேஜரிடம் திட்டு வாங்கிக்கொண்டு சாயங்காலம் வருகிற பிள்ளையிடம், "உனக்கு வலதுக்கு மீடியம், இடதுக்குச் சின்னது" என்று பரிசு கொடுக்கிற மாதிரி ஒரு ஜோடியைக் கொடுப்பாள். திட்டிக்கொண்டே வாங்கி மாட்டுவார்கள். மாட்டினபின் திட்ட மாட்டார்கள். சரியாகத்தான் இருக்கும்.

ரப்பர் மேடம் என்ற பேர் பரவியதில் ஒரு கூத்தும் நடந்தது. மேடத்துக்கு ரப்பர்த் தோட்டம் உண்டென்று நம்பி, புனலூர்ப் பக்கமிருந்து ஒரு வரன் அம்மாவோடு வந்துவிட்டார். நான் சாயாவும் நேந்திரங்காய் வறுவலும் கொண்டு வைத்தேன்.

"ரப்பர் எவ்வளவு உண்டு?" என்று மாப்பிள்ளை மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"நிறைய உண்டு. எல்லா சைஸும் உண்டு" என்று அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள். அவர் திகைத்து முடிப்பதற்குள் போனில் டார்ச்சைப் போட்டு அவர் காதுக்குள் பார்த்துவிட்டாள். "அய்யோ, ரெண்டு காதுலயும் காடு மாதிரி முடியாக்கும். இதுல ஒண்ணும் நிக்காது."

சாயா ஆறுவதற்குள் மாப்பிள்ளை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா மட்டும் அரைமணி நேரம் இருந்து, தன்னுடைய இயர்போனுக்கு ஒரு ஜோடி மாட்டிக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

இந்த ஊர் ஈரத்தில் பஞ்சு ரப்பர் சீக்கிரம் செத்துப்போகுமாம். அதனால் சூடு உண்டென்று பெட்டியை என் அடுப்படி அலமாரியில், வத்தல் டப்பாவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தாள். நடக்கக்கூடாதது ஒரு வெள்ளிக்கிழமை நடந்தது. வார்டன் அம்மா வத்தக்குழம்புச் சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார். மென்றார், நிறுத்தினார், மறுபடியும் மென்றார்.

"அம்மச்சி, இது எந்து வத்தல்? கடிச்சா சுருங்குது, விட்டா வீங்குது!"

எந்தப் பெட்டிக்குள் கை விட்டேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ரப்பர் மேடம் ஓடிவந்து வார்டன் அம்மா தட்டோரத்தில் துப்பினதை எடுத்துப் பார்த்து, "அய்யோ, பெரிய சைஸ்ல இது ஒண்ணுதானே இருந்தது!" என்று தலையில் கை வைத்தாள். வார்டன் அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. பெட்டி அன்றைக்கே அவள் அறைக்குத் திரும்பிப் போனது.

இவ்வளவு பேருக்குப் பார்த்துப் பார்த்து மாட்டினவள், தான் பாட்டுக் கேட்கும்போது மட்டும் வலது காதை ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நடப்பாள். புதுசாக வந்த பிள்ளைகள் அதை ஸ்டைல் என்று நினைத்து அதே மாதிரி நடக்கவும் செய்தார்கள். ஒருநாள் நான் கிரைண்டரில் மாவு தள்ளிக்கொண்டிருந்தபோது அவளே சொன்னாள்.

"என் வலது காதுக்கு ஒண்ணும் சேரலை ஆச்சி. அதுக்காகத்தான் வாங்க ஆரம்பிச்சேன். வாங்கினதெல்லாம் அடுத்தவங்க காதுக்குச் சேந்துருது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

இனி என் காதுக் கதைக்கு வருகிறேன்.

என் மகள் செல்வியைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை விளக்கு வைத்தபின் போன் பண்ணுவாள். எனக்குக் காது கொஞ்சம் மந்தம். போனைக் காதில் வைத்தால் எறும்பு பேசுகிற மாதிரி இருக்கும். அதனால் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சப்பாத்தி தேய்ப்பேன். அடுப்படிக்கும் சாப்பாட்டு ஹாலுக்கும் நடுவில் பரிமாறுகிற ஜன்னல் ஒன்றுதான். என் குடும்ப விஷயம் முழுவதும் அந்த ஜன்னல் வழியாகக் குருமாவோடு சேர்ந்து போய்க்கொண்டிருந்தது.

"யம்மா, அத்தை பிரிட்ஜைப் பூட்டி வச்சிருக்காக" என்று செல்வி சொன்னால், ஹாலில் இருந்து, "பூட்டை உடைக்கச் சொல்லுங்க ஆச்சி!" என்று ஒரு குரல் வரும். "வேண்டாம், தனிக்குடித்தனம் போகச் சொல்லுங்க!" என்று அடுத்த மேசை. "கேஸ் கொடுக்கலாம் அம்மச்சி, என்டெ அங்கிள் வக்கீலாக்கும்!" என்று மூன்றாவது மேசை. அப்புறம் மேசைக்கு மேசை சண்டை. செல்வி போனை வைத்தது யாருக்கும் தெரியாது.

நாளாக நாளாக என் மகளின் பேச்சு, "சாப்டியா?" "சாப்டேன்" என்று சுருங்கிப்போனது. ஆனால் குரலில் ஏதோ இருந்தது. பெற்றவளுக்குத் தெரியாதா?

"யம்மா, ஒண்ணு சொல்லணும். பக்கத்துல ஆள் உண்டா?"

"உண்டு மக்கா."

"இல்லைன்னு சொல்லுங்க ஆச்சி!" என்று ஹாலில் இருந்து சத்தம் வந்தது.

"சரி, பொறவு சொல்லுதேன்" என்று வைத்துவிட்டாள். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும். 

எங்கே போய்ப் பேசுவது? மொட்டைமாடியில் மூலைக்கு ஒரு பிள்ளை அவரவர் பையனோடு பேசிக்கொண்டிருக்கும். நான் போனால் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு, "என்ன ஆச்சி?" என்பார்கள். வாசலில் நின்றால் ஹைவே இரைச்சல். குளியலறையில் பேசினால் எதிரொலித்து அடுத்த கட்டிடத்துக்குச் சேதி போகும். பிள்ளைகள் பழைய இயர்போன்களைக் கொடுத்தார்கள். ஒன்றும் என் காதில் நிற்கவில்லை. ஒன்று சப்பாத்தி மாவுக்குள் விழுந்ததை ரப்பர் மேடம் பார்த்துவிட்டாள்.

"ஆச்சி, காதைக் காட்டுங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தாலி கட்டினவர்கூட என் காதுக்குள் பார்த்ததில்லை. அவள் டார்ச்சை அடித்துவிட்டு, "இடது நேர் ரோடு. வலது பொன்முடி மலைக்கு ஏறுற வளைவு!" என்று தங்கப்புதையல் கண்ட மாதிரி கூவினாள்.

அப்புறம் அந்த வாரம் முழுக்க என் காதோடுதான் அவளுக்கு வேலை. நடுத்தரம் போட்டாள், கீழே விழுந்தது. பெரியதைப் போட்டாள், வலது காதில் செருப்புக்குள் கல் கிடந்த மாதிரி உறுத்தியது. குடை மாதிரியானதைப் போட்டாள். இயர்போன் வெளியே வந்தது, குடை வரவில்லை. முடி பிடுங்குகிற இடுக்கியால் அவள் அதை இழுத்தபோது நான் குலதெய்வத்துக்குப் பொங்கல் நேர்ந்துகொண்டேன். பஞ்சை அடைத்துக்கொண்டு தெரியாமல் ஒரு முறுக்கைக் கடித்துவிட்டேன். வீட்டை இடிக்கிற சத்தம்! எண்ணெய் தேய்த்துக் குளித்த அன்றைக்கு எதுவுமே நிற்காமல் வழுக்கியது. "எண்ணெய்க் காதோட என் முன்னால வரப்பிடாது" என்று கட்டளை போட்டாள்.

கடைசியில் நேர் ரோட்டுக்குப் பெரிய ரப்பர், பொன்முடிக்குச் சின்னப் பஞ்சு என்று முடிவானது. மாட்டினாள். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் ஓசை இல்லை. ஹாலுக்குப் போய் அங்கிருந்து எனக்குப் போன் போட்டாள். "ஆச்சி, கேக்குதா?" என்று என் நெஞ்சுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"கேக்குது!" என்றேன்.

கேட்டிலிருந்து வாட்ச்மேன் கம்போடு ஓடிவந்தார், அடுப்படியில் திருடன் என்று! எனக்கு வெளிச்சத்தம் கேட்காததால் நான் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். என்னிடம் இப்படி ஒரு குரல் இருக்கிறதென்று எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். மெதுவாகப் பேசிப் பழகச் சொன்னாள். பழகினேன். ஒவ்வொரு தடவையும் வாட்ச்மேன் வந்தார்.

"மக சொல்றது இனிமே வெளிய கேக்காது. நான் சொல்றது திருவனந்தபுரம் பூரா கேக்குமே. இதுக்குப் பழசே தேவலை" என்று கண் கலங்கினேன். "ஒத்தக் காதுல மட்டும் மாட்டிக்கிடட்டா?"

"அப்ப மறுகாதுல கிரைண்டர்தான் பேசும்" என்றாள். பெட்டியைத் திறந்து, இருக்கிற ரப்பர்களை எண்ணிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழமை போன் வந்தா எடுத்துப் பேசுங்க ஆச்சி. மத்தது நான் பாத்துக்கிடுதேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வார்டன் அம்மா ஊருக்குப் போயிருந்தார். சப்பாத்தியையும் குருமாவையும் ஜன்னலில் எடுத்து வைத்துவிட்டு, அரிசி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ரெண்டையும் மாட்டினேன். செல்வி கூப்பிட்டாள்.

"யம்மா, பக்கத்துல ஆள் உண்டா?"

"இல்ல மக்கா. சொல்லு."

சொன்னாள். முதலில் மெதுவாகத்தான் பதில் சொன்னேன். அப்புறம் எல்லாம் மறந்துபோனது. கேட்டேன், கோபப்பட்டேன், அழுதேன். அடுப்படிப் பூனை ஜன்னல் வழியாக வெளியே பாய்ந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை. கடைசியில் அவளும் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன். அது வெளியே போகாமல் இருக்க ஒருத்தி பட்ட பாடு அப்படி. அதை நான் பத்திரிகையில் போட்டால் நன்றாகவா இருக்கும்?

ரப்பரைக் கழற்றினேன். ஹாலில் சத்தமே இல்லை. எல்லாப் பிள்ளைகளும் சாப்பிடுகிற நேரத்தில் பேச்சில்லாத ஹாலை நான் பார்த்ததில்லை. எல்லாம் கேட்டுவிட்டார்கள், அதுதான் வாயடைத்துப்போய் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். பூமி பிளக்காதா என்றிருந்தது. முந்தானையை முகத்தில் வைத்துக்கொண்டு ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்.

ஒவ்வொரு மேசையிலும் ஒவ்வொரு பிள்ளையும் காதில் இயர்போனோடு உட்கார்ந்திருந்தது. எல்லாத் தலையும் ஒரே தாளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. எல்லாருக்கும் அதே செண்டை மேளம். காதெல்லாம் எண்ணெய் போகத் துடைத்துத் துடைத்துச் சிவந்திருந்தது. நடுவில் கழற்றுகிறவளுக்கு மறுநாள் காலையில் பஸ் நேரத்தில் புதுசாக அளவெடுப்பேன் என்று ரப்பர் மேடம் மிரட்டியிருக்கிறாள். அது அப்புறம் தெரிந்தது.

ஒரு பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, "ஆச்சி! குருமா தீந்துட்டு!" என்று அலறினாள். மேடம் கடைக்கு அனுப்பியிருந்த வாட்ச்மேன், திரும்பி வந்ததும் வராததுமாகக் கம்போடு ஓடிவந்தார்.

ஹால் வாசலில், யாரும் கழற்றிவிடாமல் காவலுக்கு, ரப்பர் மேடம் நின்றாள். பக்கத்து ஸ்டூலில் அஞ்சறைப்பெட்டி திறந்தபடி இருந்தது. அத்தனை பேர் காதையும் அடைத்தவளுக்கு, தன் வலது காதை அடைக்க ஒன்றும் இல்லை. அதனால் ரெண்டு காதிலும் ரெண்டு விரலை விட்டுக்கொண்டு, போதாததற்குக் கண்ணையும் இறுக்க மூடிக்கொண்டு நின்றாள். நான் போய்த் தோளைத் தொட்டபிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"பேசியாச்சா ஆச்சி?" என்றாள். அவ்வளவுதான். என்ன சேதி என்று அவள் அன்றைக்கும் கேட்கவில்லை, அதற்கப்புறமும் கேட்கவில்லை.

இப்போது அவள் பெங்களூருக்கு மாறிப் போய்விட்டாள். எனக்கு மாற்று ரப்பர்களை ஒரு ஊறுகாய் பாட்டிலில் போட்டு, வலது இடது எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுத்தான் போனாள். ஹாலைக் கூட்டும்போது மேசைக்கடியில் எங்கேயாவது ஒரு ரப்பர் கிடந்தால் நான் குப்பையில் தள்ளுவதில்லை. கழுவித் துடைத்துத் தனியாக எடுத்து வைக்கிறேன். எது அந்த வலது காதுக்குச் சேரும் என்று யார் கண்டது?