ராண்டிலும் டாலரிலும் தோற்ற மாமனார்

காளியம்மன் துணை

பபேடான், யாங்கோன்

ஜொகன்னஸ்பர்க்கில் பங்குச் சந்தையைக் கட்டி மேய்த்துக்கொண்டிருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை சுந்தர் அவர்களுக்கு, மாமனார் மாரிச்சாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும், என் முழங்காலும், உங்கள் அத்தை புஷ்பலதாவும் அம்மன் அருளால் சௌக்கியம். அவ்விடம் நீங்களும், ஏழாம் மாதம் நடக்கும் என் மகள் தமிழரசியும் சௌக்கியம்தானே. உங்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்பதால் இதை அவள்தான் படித்துச் சொல்லப் போகிறாள். அவசரப்படாமல் நிறுத்திப் படிக்கட்டும்.

விஷயம் உங்கள் மாத அறிக்கையைப் பற்றியது. போன மாதம் தென்னாப்பிரிக்கச் சந்தை எப்படிப் போனது, உலகச் சந்தை எப்படிப் போனது என்று உங்கள் கம்பெனியில் பணம் போட்டவர்களுக்காக மாதா மாதம் எழுதுகிறீர்களே, அதைத் தமிழரசி எனக்கும் அனுப்புகிறாள். மாப்பிள்ளை எழுதியதாயிற்றே என்ற பெருமையில் நான் அதை மீரா முகைதீன் டீக்கடைக்குக் கொண்டுபோனேன். அங்கேதான் வினை. எங்கள் ஊரில் பங்குச் சந்தை என்றாலே டூடிதான். தாய்லாந்துச் சந்தை எண்ணின் வாலில் எந்த இரண்டு இலக்கம் நிற்கும் என்று தினமும் பந்தயம் கட்டுவார்கள். தலையைப் பற்றி ஒருத்தருக்கும் அக்கறை இல்லை. உங்கள் அறிக்கையையும் அப்படித்தான் படித்தார்கள். தங்கம், பிளாட்டினம், வட்டி விகிதம் என்று நீங்கள் பக்கம் பக்கமாக எழுதியதை ஒதுக்கித் தள்ளிவிட்டு, புள்ளிக்குப் பின்னால் நின்ற இரண்டு எண்ணை மட்டும் பொறுக்கி டூடி ஏஜெண்டு கோ ஜோவிடம் கட்டினார்கள். அது விழுந்தும் தொலைத்தது. அன்றிலிருந்து உங்கள் எழுத்துக்கு ஜொகன்னஸ்பர்க்கைவிடப் பபேடானில்தான் வாசகர்கள் அதிகம். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முழுதாகப் படிக்கிற ஒரே ஆள் நான். மாதா மாதம் உலகச் சந்தை முன்னால் ஓடும், உங்கள் ஊர்ச் சந்தை மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வரும். எனக்கு வருத்தம்தான், ஆனால் அதை நம்பி ஒரு காரியம் செய்துவிட்டேன். பிரசவத்துக்கு இரண்டு பேரும் வந்தே ஆகவேண்டும் என்று தமிழரசி போனில் அழுதாளே, அன்றைக்கு, “உம் புருஷன் ஊரு சந்தை உலகத்த ஜெயிக்கிற மாசம் நான் பிளேன் ஏறுறேன், போ” என்று சொல்லிவைத்தேன். உங்கள் அத்தை லேசுப்பட்டவள் இல்லை. மறுநாளே என்னைக் காளியம்மன் கோயிலுக்கு இழுத்துப்போய், கற்பூரம் கொளுத்தி, அதே வாக்கியத்தை ஒரு எழுத்து விடாமல் சத்தியமாக வாங்கிக்கொண்டாள். எங்கே ஜெயிக்கப் போகிறது என்ற தைரியத்தில் நானும் குஷியாகச் செய்துகொடுத்தேன். மாப்பிள்ளை, உங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பயம். துறைமுகத்தில் காலம் தள்ளியவன் நான். கப்பல் கவிழ்ந்தால்கூட நீந்துவதற்குத் தண்ணீர் என்று ஒன்று இருக்கிறது. பிளேனுக்குக் கீழே ஒன்றுமே இல்லை.

இந்த மாத அறிக்கையைத் திறந்தால் உங்கள் ஊர் முன்னால் நிற்கிறது, உலகம் பின்னால் வருகிறது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன், அப்போதும் அங்கேயேதான் நின்றது. போனிலிருந்து அதை அழித்துவிட்டு, கடைக்குப் போய், இந்த மாதம் அறிக்கை வரவில்லை என்று சொன்னேன். எண் கட்டக் காத்திருந்தவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. “தவறாம வருமே, மாப்பிள்ளைக்கு மேலுக்கு முடியலையா?” என்று மீரா முகைதீன் கேட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். “லேசா காய்ச்சல்” என்றேன். கடையில் லேசாக இருந்த காய்ச்சல் தெருமுனைக்குப் போவதற்குள் ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டது. சாயங்காலம் மார்க்கெட்டில் உங்கள் அத்தை காதுக்கு வந்தபோது உங்களுக்குக் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. எடுத்த முருங்கைக்காயை அங்கேயே போட்டுவிட்டு, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்து தமிழரசிக்குப் போன் போட்டாள். “அவரா? இந்தா, எதிர்ல உக்காந்து தோசை தின்னுட்டு இருக்காரு. ரிப்போர்ட்டெல்லாம் அப்பாவுக்கு அன்னைக்கே அனுப்பிட்டேனேம்மா” என்றவள் அதோடு விட்டாளா, அம்மாவுக்கும் ஒன்று அனுப்பிவைத்தாள்.

நீங்கள் நல்லபடியாக இருப்பதை ஊருக்குக் காட்ட உங்கள் அத்தை போனைத் தூக்கிக்கொண்டு நேரே டீக்கடைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன், முழங்கால் கூட வரவில்லை. போய்ச் சேர்ந்தபோது போன் சூசைராஜ் கையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்து ரிட்டயரானவர், இங்கிலீஷைக் கண்டால் சத்தம் போட்டுப் படிக்காமல் இருக்க முடியாது. படித்துவிட்டு, “அண்ணே, தென்னாப்பிரிக்கா உலகத்த முந்திருச்சு” என்றார். உங்கள் அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் விடவில்லை. “அது ராண்டு கணக்கு. அந்த ஊரு காசுல அந்த ஊரு ஜெயிக்காம என்ன செய்யும்? டாலர்ல பாருங்க, தோத்திருக்கும்” என்றேன். உங்கள் அறிக்கையைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்ட சங்கதிதான். சூசைராஜ் விரலில் எச்சில் தொட்டு போனில் அடுத்த பக்கத்தைத் தள்ளினார். “இந்த மாசம் டாலரவிட ராண்டு பலமாயிருச்சாம். அதனால டாலர்ல பாத்தா இன்னுங்கூட அதிகமா ஜெயிச்சிருக்கு” என்றார். கடையே கைதட்டியது. ராண்டிலும் தோற்று டாலரிலும் தோற்று நான் ஒரு டீ கேட்டேன்.

போதாக்குறைக்கு, அப்போதே அவசரமாக உங்கள் அறிக்கையிலிருந்து எண்ணை எடுத்துக் கட்டினார்கள், அது விழவில்லை. உங்கள் மேல் யாரும் குறை சொல்லவில்லை, பழியெல்லாம் தூரத்தின் மேல் போயிற்று. “ஊலே,” என்றான் கோ ஜோ. சின்னவர்கள் பெரியவர்களை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். “ஊலே, நம்பரு அவ்ளோ தூரம் வர்றதுக்குள்ள ஆறிப்போவுது. நீங்க அங்கயே போயி சூடா எடுத்து அனுப்புங்க.” இதைவிட அறிவான பேச்சைக் கேட்டதில்லை என்பதுபோல எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது என்னை ஏற்றிவிடுவது தெருவின் பொதுக்காரியம் ஆகிவிட்டது. மீரா முகைதீன் உங்களுக்கென்று பலாச்சாங் பொடி வறுத்து டப்பாவில் அடைத்துக் கொடுத்திருக்கிறார். அதைத் திறந்தால் உங்கள் ஆபீஸ் வரைக்கும் இறால் மணக்கும். சூசைராஜ் தன் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டார். அது எனக்குக் கச்சிதமாக வேறு இருந்து தொலைக்கிறது.

ஆகவே மாப்பிள்ளை, இந்த இடம் வந்ததும் தமிழரசியைக் கொஞ்சம் அடுப்படிக்கு அனுப்பிவிட்டு மேற்கொண்டு படிக்கச் சொல்லவும். எனக்கு ஒரு திருத்த அறிக்கை வேண்டும். ‘கை தவறிவிட்டது, தங்கம் ஏறவில்லை, உலகம்தான் முந்தியது’ என்று ஒரு வரி போதும். கம்பெனிக்கெல்லாம் அனுப்ப வேண்டாம், டீக்கடைக்கு மட்டும். உங்கள் அத்தை தாராளமாகத் தனியாக வரட்டும். அவளுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது, என்னைக் கட்டிக்கொண்டதிலிருந்தே தெரியவில்லையா. நான் இங்கே வீட்டைப் பார்த்துக்கொண்டு, போனில் பேரனையோ பேத்தியையோ கொஞ்சிக்கொள்கிறேன்.

மகளை வெயிட் தூக்க விடாதீர்கள். பிறக்கப்போகும் பிள்ளைக்கு என் முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் என்னைப்போல் அமையக் காளியம்மனை வேண்டிக்கொண்டு,

ஆசிகளுடன்,
மாமா மாரிச்சாமி

பி.கு.: இதைப் போட்டோ எடுத்து அனுப்பக் கரண்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் உங்கள் அத்தை எடுத்துப் படித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. கட்டி வைத்திருந்த பயணப் பெட்டியிலிருந்து என் ஸ்வெட்டரை மட்டும் எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்படியில் போய் நின்றுகொண்டு, சூசைராஜ் சொல்லிக்கொடுத்த ‘வேர் இஸ் தி கேட்’டைத் தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாங்காக்கில் பிளேன் மாறவேண்டுமாம். ஒவ்வொரு தடவையும் ‘கேட்’ வரும்போது குரல் நடுங்கியது. அவளுக்கும் பயம் உண்டு என்பது எனக்கு இத்தனை வருஷமாகத் தெரியாது, மாப்பிள்ளை. ஸ்வெட்டரைத் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டேன். திருத்தம் ஒன்றும் அனுப்ப வேண்டாம், உங்கள் சந்தை ஜெயித்தது ஜெயித்ததாகவே இருக்கட்டும். பிளேனில் வயதானவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார அனுமதி உண்டா என்று மட்டும் விசாரித்து எழுதவும்.