மாமியார் சைஸ்

மூட்டையைப் பிரித்து, மேலாகக் கிடந்த டீ ஷர்ட்டை உதறியதும் முதலாளிக்குப் பகீரென்றது. கழுத்தின் உள்பக்க லேபிளில், சிவப்பு நூலில், கொட்டை எழுத்தில் தைத்திருந்தது: மாமியார்.

முதலாளி என்றதும் பெரிய ஆலை, கார் என்று போய்விட வேண்டாம். வீட்டுப் பின்னறையில் ஒரு மேசை, ஒரு கத்தரிக்கோல், ஆபீஸ் வேலையை விட்டபோது கையில் இருந்த சேமிப்பு, அவ்வளவுதான் கம்பெனி. கூட்டாளி கிடையாது, வங்கிப் படியும் ஏறவில்லை. துணி எடுப்பதும் வெட்டுவதும் அவளே. தைப்பது மட்டும் அடுத்த தெருத் தையல்காரர். வீட்டில் கேலிக்குக் கூப்பிட ஆரம்பித்த 'முதலாளி', அப்படியே ஒட்டிக்கொண்டது.

ஒரு நாள் உடற்பயிற்சிக்கு உடை கேட்டுக் கடைக்குப் போனவளிடம், "உங்க சைஸுக்கு ஆம்பளைங்க பக்கம் பாருங்க" என்று கை காட்டிவிட்டாள் விற்பனைப் பெண். அந்தக் கோபத்தில் பிறந்த தொழில் இது. ஒல்லியோ குண்டோ, எல்லா உடம்புக்கும் உடை உண்டு. 'துணிதான் உங்களுக்குப் பொருந்தணும், நீங்க துணிக்கு இல்ல' என்று பைகளில் அச்சடித்தே கொடுத்தாள். எக்ஸ் எல், டபுள் எக்ஸ் எல் என்ற எழுத்துகளைக் கண்டாலே ஆகாது என்பதால், ஒவ்வொரு அளவுக்கும் ஒரு பூவை அடையாளமாகத் தைக்கச் சொல்லியிருந்தாள்.

அளவெடுக்க ஆள் வேண்டுமே? வீட்டுப் பெண்களையே நிற்கவைத்து அளந்து, வெட்டிய அட்டைகளில் அடையாளத்துக்கு எழுதி வைத்தாள்: தங்கச்சி, அண்ணி, நாத்தனார், மாமியார். ஒல்லியில் ஆரம்பித்து வரிசையாக. வெட்டிய துணியோடு அந்த அட்டைகளும் தையல்காரரிடம் போயின. அந்தத் தையல்காரப் புண்ணியவான் பூவை விட்டுவிட்டு உறவுமுறையைத் தைத்து அனுப்பியிருக்கிறார். போன் போட்டால் எடுக்கவும் இல்லை.

அந்த நேரம் பார்த்து மாமியார் காலை நடையை முடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"துணி வந்திருச்சாமே. பிரிச்சுப் பாத்தியாம்மா?"

"இன்னும் இல்ல, அத்தை" என்று முதலாளி மூட்டைமேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மாமியார் எட்டிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர், சொல்லாமலே அடுப்படிக்குப் போய்விட்டார். மோப்பம் பிடித்துவிட்டார், தொலைந்தோம் என்று முதலாளி மூட்டையை அவசரமாகச் சுருட்டிக் கட்டினாள். தங்கமான மனுஷிதான். ஆனால் வீட்டிலேயே குண்டு இவர்தான் என்று ஊரறியத் தைத்து விற்றால் எந்த மாமியார் பொறுத்துப் போவார்?

அன்றைக்கென்று பார்த்து ஜிம் அக்கா வரச் சொல்லியிருந்தார். பெண்களுக்கு மட்டும் ஜிம் நடத்துகிறவர். தன்னிடம் வருகிற பெண்கள் போட்டுப் பார்த்துப் பிடித்தால், மொத்தத்தையும் வாங்கி அங்கேயே விற்பதாகப் பேச்சு. பிடிக்காவிட்டால் போட்ட சேமிப்பு போனதுதான். மறுபடி அந்த ஆபீஸ் நாற்காலிதான்.

கதவைத் தாழிட்டுவிட்டு முதலாளி கணவனிடம் யோசனை கேட்டாள். அவளுடைய முதல் தப்பு அது. கறுப்பு மார்க்கரால் எழுத்தை அடித்துவிடலாம் என்றான் அவன். அடித்தார்கள். வெளிர் நிறச் சட்டையில் மை மறுபக்கம் ஊறி, பிடரியில் யாரோ கரி பூசியதுபோல் ஆயிற்று. சரி, லேபிளையே வெட்டிவிடலாம் என்றான். அவள் ஒன்றை வெட்டுவதற்குள் அவன் பத்தை வெட்டி, சட்டைகளை ஒரே குவியலாகப் போட்டுவிட்டான். இழுத்தால் இழுபடுகிற துணி வேறு. மேசையில் சுருண்டு கிடக்கையில் நாத்தனாருக்கும் மாமியாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை.

அளவு தெரியாமல் யாருக்கு எதைக் கொடுப்பது? நேரமும் ஆகிவிட்டது. வெட்டிய லேபிள்களையே குத்துமதிப்பாக ஊக்கு போட்டு மாட்டினாள். ஜிம்மில் இருப்பவர்களுக்கு அவள் மாமியாரை எங்கே தெரியப்போகிறது, வரும்போது கழற்றிக்கொண்டு வந்துவிட்டால் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டு கிளம்பினாள்.

ஜிம்மில் பெண்கள் ஆசையாகத்தான் வந்து மொய்த்தார்கள். ஆனால் லேபிளைப் படித்தவர்கள் அளவைப் பார்க்கவில்லை, அவரவர் உறவைப் பார்த்தார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்ட ஓர் ஒல்லி அம்மாள், நான் மாமியாராகி வருஷமாச்சு என்று பெருமையாக எடுத்து மாட்ட, சட்டை முழங்காலுக்கு இறங்கியது. கல்யாணமாகாத வாட்டசாட்டமான பெண் ஒருத்தி 'தங்கச்சி'க்குள் தலையை விட்டாள். தலை வெளியே வரவே இல்லை. இழுத்துவிடப் போன இருவரில் ஒருத்திக்கு ஊக்கு குத்தியது.

ஜிம் அக்கா கண்ணாடியைக் கழற்றினார். "என்னங்க இது கூத்து?"

இனி மறைத்துப் பயனில்லை. அழாத குறையாக முதலாளி எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். எழுதியது, தைத்தது, மார்க்கர், கத்தரி, ஒன்றையும் விடவில்லை.

ஒருவழியாகத் தலையை மீட்டுக்கொண்ட அந்தப் பெண்தான் முதலில் பேசினாள். "அப்போ எனக்கு மாமியார் ஒண்ணு குடுங்க."

தேடி எடுத்துக் கொடுத்தாள். அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது. கையைத் தூக்கிப் பார்த்தாள், குனிந்தாள், குதித்தாள். எங்கேயும் பிடிக்கவில்லை, ஏறவில்லை. "எனக்கும் மாமியார்", "இங்க ஒரு நாத்தனார்" என்று சந்தைபோல் குரல் கிளம்பிவிட்டது.

"இத்தனை வருஷத்துல ஒருத்திகூடத் தன் சைஸை இங்க சத்தமாச் சொல்லி நான் கேட்டதில்ல" என்றார் ஜிம் அக்கா. "எல்லாத்தையும் எடுத்துக்கறேன். ஆனா இந்தப் பேருதான் இருக்கணும். ஊக்கு வேணாம், ஒழுங்காத் தைச்சுக் குடுங்க."

முதலாளிக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படி இறங்கும் வரைக்கும்தான் அது. தெருவுக்கு வந்ததும் விஷயம் உறைத்தது. இனி ஊரில் பாதிப் பெண்கள் கழுத்தில் மாமியார் இருப்பார். என்றைக்கு இருந்தாலும் அது அவர் கண்ணில் படும். மூட்டையோடு நேரே தையல்காரரிடம் போனாள்.

"அண்ணே, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும். மாமியாரை மட்டும் பெரியம்மான்னு மாத்திடுங்க. அவங்க பாத்தா நான் வீட்டுக்குள்ள கால் வைக்க முடியாது. பூதானே போடச் சொன்னேன், யாரைக் கேட்டு இப்படித் தைச்சீங்க?"

தையல்காரர் மெஷினை நிறுத்தி, பல்லில் கடித்திருந்த நூலை எடுத்தார்.

"உங்க மாமியாரைக் கேட்டுத்தாம்மா, அன்னைக்கு நடந்து போறப்ப உள்ள வந்து அட்டையைப் பாத்தவங்க, 'பூவெல்லாம் எதுக்கு, மாமியார்னே பெருசாப் போடு, நாலு பேர் கண்ணுல படட்டும்'னு அந்தச் செவப்பு நூலையும் அவங்களே வாங்கிக் குடுத்துட்டுப் போனாங்க."