ஃபாரத்தில் ஒன்பது, திடலில் எட்டு

எனக்கு எட்டாம் எண் ஆகாது. இதை வெளியில் சொல்ல எனக்கு வெட்கமில்லை; படவேண்டிய வெட்கத்தையெல்லாம் ஒரே நாளில், கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு விளையாட்டுத் திடலில் வைத்துப் பட்டு முடித்துவிட்டேன். (அது நடந்து இந்த வருடத்தோடு எட்டு வருடம். நான் அதை எண்ணுவதில்லை.)

எண் ஜோதிடத்தை நான் முறையாகப் படித்தவனல்ல. என் முதல் காரின் எண்களைக் கூட்டினால் எட்டு வரும். அது ஃபெடரல் ஹைவேயில் மூன்று முறை நின்றது. பேட்டரி செத்துவிட்டது என்றார் மெக்கானிக். சனி பகவானின் எண் என்றேன் நான். அன்றிலிருந்து எட்டாவது மாடி, எட்டாம் தேதி, எட்டாம் நம்பர் கவுண்டர் என்று எதைக் கண்டாலும் ஒதுங்கிப் போகிறவன்.

மகள் யாழினிக்கு அப்போது பன்னிரண்டு வயது. கிள்ளானில் அவள் பள்ளியின் சாஃப்ட்பால் குழுவில் இருந்தாள். இருந்தாள் என்றால், பெயர் இருந்தது. அந்த வருடம் முழுக்க அவள் மட்டையில் பந்து பட்டு நான் பார்த்ததே இல்லை. ஆட்டம் முடிந்ததும் காரின் பின்சீட்டில் ஏறி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள். "அடுத்த வாட்டி பாப்போம்மா" என்பேன். பதில் வராது. ஒரே ஒரு முறை அடித்துவிட மாட்டாளா என்று அவளைவிட நான்தான் அதிகம் ஏங்கினேன்.

அரையிறுதி ஆட்டத்தன்று பயிற்சி ஆசிரியை மிஸ் லிம் ஒரு ஃபாரத்தை என்னிடம் நீட்டினார். ஒன்பது பெண்கள் எந்த வரிசையில் மட்டை பிடிப்பார்கள் என்ற பட்டியலை அதில் எழுதி அம்பயரிடம் கொடுக்கவேண்டும். ஒன்பதாவது பெண் முடித்ததும் மறுபடி முதல் பெண். ஆட்டம் முடியும்வரை அதே வரிசை. என் கையெழுத்து அழகாக இருக்குமாம். இருக்காதா? போர்ட் கிள்ளானில் கப்பல் சரக்குக்கு ஃபாரம் நிரப்புவதுதான் என் பிழைப்பு. என் எழுத்தை நம்பி ஒரு கொள்கலன்கூட ஊர் மாறிப் போனதில்லை.

மிஸ் லிம் தந்த துண்டுச் சீட்டைப் பார்த்தேன். எட்டாவது, யாழினி. ஒன்பதாவது, அவள் தோழி நூருல்.

சுரீர் என்றது. ஏற்கனவே ஒரு பந்தைக்கூட அடிக்காத பிள்ளை. அதற்கு மேல் எட்டாவது இடமா? மிஸ் லிம்மிடம் போய் மாற்றச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. ஆகவே ஒரு மகா யோசனை செய்தேன். ஃபாரத்தில் மட்டும் நூருலை எட்டாவதாகவும் யாழினியை ஒன்பதாவதாகவும் எழுதினேன். பிள்ளைகள் டீச்சர் சொன்ன வரிசையில்தான் ஆடப்போகிறார்கள். ஆக டீச்சருக்கும் திருப்தி. சனி பகவானோ ஃபாரத்தைத்தான் பார்ப்பார், அவருக்கும் திருப்தி. (தெய்வத்தையே ஃபாரம் சரிபார்க்கும் ஆபீஸ் கிராணியாக நினைத்தவன் நான்.)

ஆட்டம் தொடங்கியது. எதிரணி பிரிக்ஃபீல்ட்ஸ் பள்ளி. யாழினி முதல்முறை அவுட். இரண்டாம் முறையும் அவுட். கடைசி இன்னிங்ஸில் இரண்டு அணியும் சமநிலை. எங்கள் பக்கம் ஒரு அவுட், மூன்றாம் தளத்தில் ஒரு பெண் ஓடத் தயாராக நிற்கிறாள்; அவள் ஓடிவந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம், ஜெயம். யாழினி மட்டையோடு போனாள்.

அடித்தாள். 'டங்' என்ற அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. பந்து எல்லார் தலைக்கும் மேலே போய் விழுந்தது. மூன்றாம் தளத்தில் நின்றவள் ஓடிவந்துவிட்டாள். ஜெயித்துவிட்டோம். நான் முன்பின் தெரியாத ஒரு அங்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் எதிரணிக்கு ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த ஆன்டி, கூலிங்கிளாசும் நோட்டுமாக அம்பயரிடம் நடந்து போனார். அம்பயர் என் ஃபாரத்தை எடுத்தார். பார்த்தார். மிஸ் லிம்மைக் கூப்பிட்டார். மிஸ் லிம் என்னைக் கூப்பிட்டார்.

"அண்ணே, உங்க ஃபாரத்துல எட்டாவது நூருல்" என்றார் அந்த ஆன்டி. "வந்து அடிச்சது வேற பிள்ளை."

"முன்னாடி ரெண்டு தடவையும் இப்படித்தானே வந்துச்சு?" என்றேன், புத்திசாலியைப் போல.

"பாத்தேன்லா. ரெண்டு தடவையும் அவுட்டு. அப்ப சொல்லி எங்களுக்கு என்ன லாபம்?"

விதி இதுதான். வரிசை மாறி ஆடியதை எதிரணி உடனே சொல்லிவிட்டால், அந்த அடி செல்லாது, ஓட்டமும் செல்லாது. ஓடியவர்கள் பழைய இடத்துக்கே திரும்பவேண்டும். ஃபாரத்தின்படி வந்திருக்கவேண்டியவள் அவுட். அதாவது நூருல். "அங்கிள், நான் இன்னும் மட்டையவே தூக்கல" என்றாள் அவள் மலாயில். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன்.

மிஸ் லிம்மிடம் உண்மையைச் சொன்னேன். எட்டு, சனி, ஃபெடரல் ஹைவே, எல்லாம். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "மிஸ்டர் குணா, எட்டு எங்க சீனருக்கு ஓங் நம்பர் லா. இந்தப் பிள்ளைக்கு லக் வரட்டும்னுதான் எட்டுல போட்டேன்" என்றார் ஆங்கிலத்தில். பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன்.

யாழினி பக்கத்தில் வந்து நின்றாள். "நீங்களாப்பா மாத்துனீங்க?"

"ஃபாரத்துல மட்டும்தாம்மா."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அவள் வாழ்க்கையின் முதல் அடியை அப்பன் நானே அழித்துவிட்டேன். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அம்பயர் மறுபடி ஃபாரத்தைப் பார்த்தார். "நூருல் அவுட். நூருலுக்கு அடுத்தது யாரு? ஒன்பதாவது..." விரலை ஒரு வரி கீழே இறக்கினார். "யாழினி."

அவளேதான். என் ஃபாரத்தின்படி இப்போதுதான் அவள் முறை. எதிரணி ஆன்டி நோட்டைப் புரட்டினார், கூலிங்கிளாசைக் கழற்றினார், போய் உட்கார்ந்தார். எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு அவுட் ஆகிவிட்டது. இவளும் அவுட்டானால் இன்னிங்ஸ் முடிந்தது. முதல் பந்து வீண். இரண்டாவதும் வீண். மூன்றாவது பந்து மட்டையின் நுனியில் பட்டு, நடக்கப் பழகும் குழந்தையைப் போலத் தள்ளாடி உருண்டது. எடுக்க வந்த இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாழினி முதல் தளத்தைத் தொட்டுவிட்டாள். மூன்றாம் தளத்தில் நின்றவளும் வந்து சேர்ந்துவிட்டாள். அம்பயர் இரண்டு கையையும் விரித்தார். செல்லும். ஐஸ் பெட்டியின் மேல் தொப்பென்று உட்கார்ந்தேன். மூடி இரண்டாகப் பிளந்தது. அதைப் பற்றி அன்று யாரும் கேட்கவில்லை.

திரும்பும்போது அவள் முன்சீட்டில் ஏறினாள். மேரு சாலையில் நாலு சிக்னல் தாண்டியபின் பேசினாள்.

"நான் ரெண்டு அடிச்சேன்பா. நல்லதா ஒண்ணு அடிச்சேன், அத நீங்க அழிச்சிட்டீங்க."

"ஆமாம்மா" என்றேன். அவள் பேசியதே எனக்குப் போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மளிகைப் பட்டியல்கூட என் மனைவி சரிபார்க்காமல் வெளியே போவதில்லை. நூருல் என்னை எங்கே பார்த்தாலும், "அங்கிள், இன்னிக்கும் நான் அவுட்டா?" என்பாள்.

போன மாதம் யாழினி ஒரு பழைய கார் வாங்கினாள். நம்பர் பிளேட்டைப் பார்த்தேன். மனசுக்குள் கூட்டினேன். மறுபடி கூட்டினேன். என் முகம் போன போக்கை அவள் கவனித்துவிட்டாள். சாவியை என் கையில் வைத்து, ஓட்டிப் பார்க்கச் சொன்னாள்.

"வேணும்னா நீங்க ஃபாரத்துல ஒம்போதுன்னு எழுதிக்குங்கப்பா."