பன்னிரண்டு லேப்டாப்பும் ஒரு விடியலும்

பெண் வீட்டார் முன்னால் பாடலாம், சமைக்கலாம், அவசரத்துக்குக் கொஞ்சம் பொய்கூடச் சொல்லலாம். லேப்டாப்பில் எதையாவது ஓட்டிக் காட்டுகிறேன் என்று மட்டும் எவனும் வாயை விடக் கூடாது. விட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அப்போது எனக்கு இருபத்தேழு வயது. பழைய தங்கச் சுரங்க ஊரான கே.ஜி.எஃப்.பில், மைசூர் மைன்ஸ் பகுதியிலிருந்து தினமும் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்குப் போய், இணையத்தில் ஓடும் பள்ளிப் பாடங்களைச் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தேன். எங்கள் சபையைச் சேர்ந்த ஸ்டெல்லாவை எனக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் ஊரிகத்தில் ஒரு சின்னப் பள்ளியில் அறிவியல் டீச்சர். (சர்ச்சில் அவள் மூன்றாவது பெஞ்ச், நான் ஐந்தாவது. இரண்டு வருடமாக அவளுடைய பின்னலைப் பார்த்தபடியேதான் ஜெபம் செய்துகொண்டிருந்தேன்.) அவளுக்குச் சம்மதம். அவள் அப்பாவுக்குத்தான் சந்தேகம். அவர் கனரக இயந்திரத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"நான் மண்ணு வார்ற மெஷின் செஞ்சவன் தம்பி. நான் செஞ்சத போய்த் தொட்டுப் பாக்கலாம். நீ இன்னா செய்யற? தொட்டுப் பாக்கற மாதிரி எதுனா கீதா?"

"தொட முடியாது அங்கிள். ஆனா பாக்கலாம். வெள்ளிக்கிழமை ஸ்டெல்லா ஸ்கூலுக்கு வாங்க" என்றேன். எங்கிருந்து வந்த தைரியமோ தெரியவில்லை.

நான் காட்ட நினைத்தது 'இரவும் பகலும்' என்ற பாடம். இருண்ட வானம், ஆயிரக்கணக்கில் நட்சத்திரங்கள், நடுவில் மெல்லச் சுழலும் பூமி, அதன் விளிம்பில் பொன்னாக எழும் சூரியன், பின்னணியில் பியானோ. மூன்று மாத உழைப்பு. ஆபீஸ் கம்ப்யூட்டரில் அது பட்டுத்துணி நழுவுவதுபோல ஓடும். நானே பார்த்துப் பார்த்துக் கண்கலங்கியிருக்கிறேன்.

ஸ்டெல்லா போனில் எச்சரித்தாள். "இன்னாங்க, நம்ம லேப்டாப்புங்க ரொம்பப் பழசு. ஏதோ ஆபீஸ்ல வேணாம்னு குடுத்தது. நான் எழுத்தும் படமும் மட்டும்தான் போடுவேன். அதுக்கே மூச்சு வாங்கும். முன்னாடியே வந்து ஒரு தபா ஓட்டிப் பாத்துருங்களேன்."

"எல்லாம் பிரவுசர்லயே ஓடிடுங்க. கவலப்படாதீங்க" என்றேன். பிரவுசர் இருந்தால் அம்மிக்கல்லில்கூடப் பாடம் ஓடும் என்று நம்பிய காலம் அது.

வெள்ளிக்கிழமை மதியம், சாம்பார் சாதம் முடிந்த கையோடு, நாற்பது பிள்ளைகள் பன்னிரண்டு லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு இணைய இணைப்பு. முன்வரிசை நாற்காலியில் ஸ்டெல்லாவின் அப்பா. பக்கத்தில், பள்ளிக்கு உதவும் அறக்கட்டளையிலிருந்து ஒரு பெரியவர். கம்ப்யூட்டர் வகுப்பு அடுத்த வருடம் இருக்குமா என்பது அவர் எழுதப்போகும் அறிக்கையைப் பொறுத்தது என்பதை ஸ்டெல்லா அப்போதுதான் என் காதில் சொன்னாள். இருட்டில்தான் நட்சத்திரம் எடுப்பாகத் தெரியும் என்று நான் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து மூடச் சொல்லியிருந்தேன்.

"ஷுரு மாடி" என்று கன்னடத்தில் அனுமதி தந்தார் பெரியவர். ஆரம்பித்தேன்.

பன்னிரண்டு திரைகளும் கறுத்தன. லேப்டாப்புக்குள்ளிருக்கும் விசிறிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின. முதலில் வந்தது இசைதான். ஒவ்வொரு லேப்டாப்பிலும் கொஞ்சம் முன்பின்னாக ஆரம்பித்ததால், ஓட்டுக் கூரையிலிருந்து மழை சொட்டுவதுபோல அறையெங்கும் பியானோ சொட்டியது. ரொம்ப நேரம் கழித்து ஒரு நட்சத்திரம் வந்தது.

"மிஸ், ஒண்ணு வந்துச்சு!"

அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று. பிள்ளைகள் சேர்ந்து எண்ண ஆரம்பித்தார்கள். பத்து வரை உற்சாகம் இருந்தது. பதினைந்தில் குரல் தணிந்தது. "பதினேழு" என்று யாரோ கொட்டாவியோடு சொன்னது நினைவிருக்கிறது. விசிறிகளின் உறுமல் ஒரே சீரான ரீங்காரமாகிவிட்டது. லேப்டாப்புகள் விட்ட வெதுவெதுப்பான காற்று முகத்தில் பட்டது. வெளியே வெயிலில் ஊரே எங்கோ தூரத்தில் இருந்தது. 'ஆண்டவரே, பூமியையாவது வரச் செய்யும்' என்று கண்ணை மூடினேன்.

பேத்தமங்களா ஏரியில் நானும் ஸ்டெல்லாவும் படகில் போய்க்கொண்டிருந்தோம். தண்ணீர் முழுக்க நட்சத்திரங்கள். அவள் அப்பா துடுப்பை வைத்துவிட்டு, ஒவ்வொரு நட்சத்திரமாகத் தொட்டுப் பார்த்து, "நல்லா கீது தம்பி, நல்லா கீது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அதைவிட நிம்மதியான கனவு எனக்கு இன்றுவரை வந்ததில்லை.

பெல் அடித்தது.

விழித்தபோது எல்லாத் திரைகளும் அணைந்திருந்தன. பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். அறக்கட்டளைப் பெரியவர் வாயைத் திறந்து தூங்க, அவர் தோளில் தலைவைத்து என் வருங்கால மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். ஸ்டெல்லா மட்டும் சுவரோரம் நின்று, வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சூரியன் வந்துச்சா?" என்றேன், அசடு வழிய.

"வந்துச்சு. இப்பத்தான், ரெண்டு நிமிஷம் முன்னாடி. ஒரே ஒரு லேப்டாப்புல. மத்ததெல்லாம் அதுக்கு முன்னாடியே சூடாயி நின்னுடுச்சு. அப்புறம் அதுவும் அணைஞ்சிடுச்சு."

"எழுப்பியிருக்கலாமே!"

"எப்படிங்க எழுப்பறது? எல்லார் மூஞ்சிலயும் மஞ்சளா வெளிச்சம் பட்டுது. பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு."

பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் என்பார்கள். எங்கள் ஊரில் பூமி ஏற்கெனவே பிளந்துதான் கிடக்கிறது. என் நேரம், சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்டுகளையெல்லாம் மூடி வைத்திருந்தார்கள்.

பெரியவர் விழித்தார். சுற்றும்முற்றும் பார்த்தார். தானும் தூங்கிவிட்ட விஷயத்தை அறிக்கையில் எப்படி எழுதுவது? யோசித்து, 'மாணவர்கள் மிகவும் அமைதியாக இருந்தனர்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். வகுப்பு பிழைத்தது. ஸ்டெல்லாவின் அப்பா வாயைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"ரிட்டயர் ஆனதுலேர்ந்து பகல்ல எனக்குப் பொட்டுத் தூக்கம் கெடையாது தம்பி. இன்னா மெஷினுப்பா இது!"

அந்த அறையில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். ஆனாலும் பதினேழு வரை எண்ணிய பிள்ளைகளின் குரல் என்னை விடவில்லை. மறுநாளே போய், இருந்ததிலேயே நோஞ்சான் லேப்டாப் முன்னால் ஸ்டெல்லாவோடு உட்கார்ந்தேன். நட்சத்திரங்களில் இருபதை மட்டும் விட்டுவைத்தோம். சுழலும் பூமியை எட்டுப் படங்களாக்கினோம். பியானோவை எடுத்தெறிந்தோம். நான்கு சனிக்கிழமைகள் ஆயின. (நான் இன்னும் மெதுவாகக்கூட வேலை செய்திருப்பேன்.) ஐந்தாவது வாரம் அதே பிள்ளைகள் முன்னால், கண்ணிமைப்பதற்குள் சூரியன் உதித்தது. கைதட்டினார்கள். அந்த வருடமே எங்களுக்குக் கல்யாணம்.

பள்ளிக்கு வேறு லேப்டாப்புகள் வந்தபோது கழித்துவிட்டவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்கிவந்தோம். இன்றும் நான் செய்யும் எந்தப் பாடமும் முதலில் அதில் ஓடியாக வேண்டும். ஓடாவிட்டால் ஸ்டெல்லா கையெழுத்துப் போட மாட்டாள். சபையில் பிரசங்கம் நீண்டால், என் பெயரை இழுத்து, "சாமுவேல் பாடம் ஆரம்பிச்சிடுச்சு" என்று பின்பெஞ்சில் முணுமுணுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் நாலு வயது மகள் தூங்க அடம்பிடித்தால், ஸ்டெல்லா அந்த லேப்டாப்பில் பழைய பாடத்தையே போட்டுவிடுவாள். பேத்திக்கு முன்னால் என் மாமனார் தலையணையோடு வந்து படுத்துவிடுவார்.

போன வாரம் மகள் பன்னிரண்டு நட்சத்திரம்வரை எண்ணிவிட்டுக் கேட்டாள்: "தாத்தா, கடசில இன்னா வரும்?"

அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "யாருக்குத் தெரியும் கண்ணு? உங்கம்மாவத்தான் கேக்கணும்."