கண்ணாடிக் கூரையும் ஏழு மொட்டைகளும்

கண்ணைத் திறந்துகொண்டே கனவு காணும் வியாதி எனக்கு உண்டு. அது என்னோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பாவாவின் ஓட்டுக் கூரையையும் கழற்ற வைத்துவிட்டது.

பாவா என்றால் அக்காவின் கணவர். திருத்தணி மலையடிவாரத்தில், மொட்டை போட வருகிறவர்கள் தங்கும் லாட்ஜ் வைத்திருக்கிறார். நான் அப்போதுதான் பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கித் தரும் வேலையில் சேர்ந்திருந்தேன். (சேர்ந்து மூன்று வாரம். பேச்சில் மட்டும் முப்பது வருட அனுபவம்.)

"ஹாலுக்குக் கண்ணாடிக் கூரை போட்டா பகல்ல ஒரு லைட்டும் எரிய வேணாம் பாவா. படுத்துகினே மேகம் பாக்கலாம்" என்றேன். சொல்லும்போதே தரையில் மேக நிழல் நகர்வது எனக்குத் தெரிந்தது.

"ஆங், நீ படிச்சவன் மச்சான். செய்" என்றார். ஓடு இறங்கியது, கண்ணாடி ஏறியது. என்னை நம்பிய முதல் ஆள் அவர்தான். லாட்ஜுக்குச் சான்றிதழ் கிடைக்காவிட்டால் அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்?

பரிசோதகர் வந்தது ஒரு கிருத்திகை மதியம். பள்ளிப்பட்டு நெசவாளர் குடும்பம் ஒன்று, சந்தனம் பூசிய ஏழு மொட்டைத் தலைகளோடு ஹாலில் உட்கார்ந்திருந்தது. வெளிச்சம் அளக்கும் கருவியைப் பார்த்து, "பிரமாதம்" என்றார் பரிசோதகர். நான் மிதந்தேன். சந்தன வாசனை, மஞ்சள் வெளிச்சம், நடுவே ஏழு நிலாக்கள். (நிலா வேர்க்குமா? வேர்த்தது.)

சந்தனம் காய்ந்து வெடித்தது. தோளில் கிடந்த ஒரு துண்டு தலைக்கு ஏறியது. பிறகு ஒரு குடை விரிந்தது.

"ஹாலுக்குள்ள எதுக்குங்க குடை?" என்றார் பரிசோதகர்.

"உள்ள வெயில் கொளுத்துது சார்" என்ற குடைக்காரர், தன் வயதான அப்பாவைக் கைத்தாங்கலாக எழுப்பினார். "வா நைனா, வெளிய நெழல்ல குந்திக்கலாம்."

குடும்பமே வாசல் புங்கமரத்தடிக்குப் போனது. கொஞ்ச நேரத்தில் பரிசோதகரும் போனார். அந்த நிழலில் உட்கார்ந்துதான் கண்ணாடிக் கூரைக்கு முழு மதிப்பெண் போட்டார். எட்டிப் பார்த்தேன். புங்கமரத்துக்குப் படிவத்தில் இடமே இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது.

சான்றிதழ் வந்தது. அதன் பின்னாலேயே, ஹாலைக் குளிர வைக்க இரண்டு பெரிய ஏசியும் வந்தன. பாவா திட்டவே இல்லை. "வெளிச்சம் நல்லா கீது மச்சான்" என்றதோடு சரி. திட்டியிருந்தால் தேவலை.

சான்றிதழ் மாட்டிய ஆணியில் இன்று ஒரு கறுப்புக் குடையும் தொங்குகிறது. நான் போனாலே அக்கா உள்ளிருந்து குரல் கொடுப்பாள்: "தம்பி வந்துகினு கீறான், ஹால்ல இலை போடுங்க. குடைய மறந்துடாதீங்க!"

நானும் குடை பிடித்துக்கொண்டேதான் சாப்பிடுகிறேன். எல்லோரும் சிரித்து ஓய்ந்த பிறகு மெல்லக் குடையைச் சாய்த்துப் பார்ப்பேன். மேகம் மட்டும் நான் சொன்னபடியே நகர்ந்துகொண்டிருக்கும்.