தணிகாசலம் படித்த இரண்டு புத்தகங்கள்

காடு என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்கு மரம் மிச்சமிருந்த ஒரு காட்டில், கோமளம் என்ற பிணந்தின்னிக் கழுகுக்குப் படித்த கணவன் வாய்த்திருந்தான். அதைவிடப் பெரிய தண்டனை கழுகு இனத்தில் கிடையாது.

சுற்றுலா வந்தவர்கள் விட்டுப்போன இரண்டு புத்தகங்களைத் தணிகாசலம் கூட்டுக்குத் தூக்கி வந்தான். ஒன்று, என்ன தின்றால் உடம்புக்கு நல்லது என்று சொன்னது. மற்றது, நீ எப்படிப்பட்ட ஆள் என்று சொன்னது. படித்து முடித்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த நேரம் பார்த்து ஓடைக்கரையில் ஓர் எருமை செத்துக் கிடந்தது. சொந்தபந்தமெல்லாம் இறங்கிவிட்டது.

"ஏங்க, கிளம்புங்க. குஞ்சுங்க ரெண்டும் பசியில துவளுது," என்றாள் கோமளம்.

"செத்து நாளானதெல்லாம் விஷம்டி. சுடச்சுட இருந்தாத்தான் நம்ம கூட்டுக்குள்ள வரணும்."

சொன்னதோடு விட்டானா? பெண்டாட்டி பிள்ளைகளை உட்காரவைத்து முதல் அத்தியாயத்தை உரக்க வாசித்தான். வாசித்து முடிப்பதற்குள் எருமையில் எலும்புதான் மிச்சம். இப்படியே ஒரு யானை போயிற்று, இரண்டு மான் போயிற்று. நல்ல நல்ல சாவெல்லாம் கைநழுவிப் போவதைப் பார்த்துக் கோமளத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. சின்னக் குஞ்சுக்குக் கண் திறக்கவும் தெம்பில்லை.

ஒருநாள் அவர்கள் மரத்தடியிலேயே நரி ஒரு முயலை அடித்தது. பாதியைத் தின்றுவிட்டு மேலே பார்த்தது.

"அண்ணே, எனக்கு வயிறு நெறஞ்சிருச்சு. மீதிய எடுத்துக்கங்க."

"இதைவிடச் சூடா எங்க கெடைக்கும்? எடுத்துட்டு வாங்க," என்று கெஞ்சினாள் கோமளம்.

தணிகாசலம் முதல் புத்தகத்தைப் பார்த்தான். தின்னலாம் என்றது. இரண்டாவதைப் பார்த்தான்.

"நான் தலைமைக் குணம் உள்ளவன்னு போட்டிருக்கு. அடுத்தவன் எச்சிலை எப்படித் தொடுறது?"

கோமளம் தானே இறங்கப் போனாள். இறக்கையை விரித்து மறித்தான். "உனக்கு அவசரக் குணம். அதுவும் இதுல இருக்கு."

ஆனால் அவனுக்கும் பசி. எந்தப் புத்தகத்தின் பேச்சைக் கேட்பது என்று இரண்டையும் மாறி மாறிப் புரட்டினான். கீழே முயலை எறும்பு மொய்த்தது. புரட்டியபடியே தலை சாய்ந்தவன் பிறகு எழுந்திருக்கவில்லை.

சொந்தபந்தம் வந்து சேர்ந்தது. துக்கம் விசாரிக்கத்தான் வந்தார்கள்; சாப்பிடாமல் வந்திருந்தார்கள்.

கோமளம் அழுதாள். நிஜமாகவே அழுதாள். அழுதுகொண்டே நல்ல பாகமாகப் பார்த்துப் பிய்த்துக் குஞ்சுகளுக்கு ஊட்டினாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றது சின்னது.

நீதி: வீட்டுக்கு ஒருவராவது சுயமுன்னேற்ற நூல் படிக்க வேண்டும். மற்றவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள்.