பீப்பாய்க்குள் கல்

மகள் கல்யாணம் முடியும்வரை ஒரு சொட்டு ஒயினும் தொடுவதில்லை என்று மாதா கோயிலில் சத்தியம் பண்ணினார் பெனெடெக். பண்ண வைத்தது பெண்டாட்டி ரோசாலியா.

சோம்லோ மலையில் இது சின்ன விஷயமில்லை. அங்கே விளைவது குலை வளைந்து தொங்கும் ஆட்டுவால் திராட்சை. அதன் வெள்ளை ஒயினை முதலிரவில் குடித்தால் ஆண்பிள்ளை பிறக்கும் என்பது ஊர் நம்பிக்கை. பெண்ணைப் பெற்றவன் தன் தோட்டத்து ஒயினைத்தான் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் சம்பந்தி ஆயுசுக்கும் குத்திக் காட்டுவான்.

ஒரு பீப்பாய் ஒதுக்கியாயிற்று. நிலவறைச் சாவி பெனெடெக்கிடம். பாலுக்குப் பூனை காவல்.

பீப்பாயில் ஒயின் தானாகவே கொஞ்சம் வற்றும். காற்றுப் புகுந்தால் கெட்டுப்போகும். கையில் வேறு ஒயின் இல்லாதவன் கழுவிய கல்லைப் போட்டு மட்டத்தை உயர்த்துவான். மலை முழுக்கத் தெரிந்த வித்தை. பெனெடெக் அதைக் கொஞ்சம் நீட்டினார், அவ்வளவுதான். கண்ணாடிக் குழலால் ஒரு உறிஞ்சு, உள்ளே ஒரு கல். எரிமலை மண், கல்லுக்கா பஞ்சம்?

ஞாயிறுதோறும் ரோசாலியா வந்து பீப்பாயைத் தட்டிப் பார்ப்பாள். நிறைந்த சத்தம். தலையாட்டிவிட்டுப் போவாள். அவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். அந்த வருஷ ஒயினும் அமிர்தம். நாளுக்கு நாள் ருசி ஏறியது. "என் கைப்பக்குவம் அப்படி" என்று சுவரிடம் சொல்லிக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்துக் கஷ்பார் போடுவதும் ஒயினா? கால் கழுவக்கூட ஆகாது. இதை ஊரில் அவர் சொல்லாத ஆள் இல்லை.

கல்யாணத்தன்று காலையில் பீப்பாயைச் சாய்த்துப் பார்த்தார். கடகடவென்று கல் உருண்டது. ஒயின் ஒரு குடம் தேறினால் அதிகம்.

வேறு வழியில்லை. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கஷ்பார் வாசலிலேயே போய் நின்றார். மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார்.

கஷ்பார் ஒன்றும் கேட்கவில்லை. மூலையில் இருந்த பீப்பாயைக் காட்டினான்.

"உருட்டிட்டுப் போங்கண்ணே."

போன உயிர் வந்தது பெனெடெக்குக்கு. ஒரே மூச்சில் உருட்டி வந்து பந்தலில் வைத்தார். சம்பந்தி குடித்தார், கண்ணை மூடினார், இன்னொரு கோப்பை கேட்டார். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஒரு சீசா தனியாகப் போயிற்று. மானம் தப்பியது. தலைமேலிருந்த மலையே இறங்கினாற்போல் உட்கார்ந்தார்.

ரோசாலியா அவருக்கும் ஒரு கோப்பை நீட்டினாள். "சத்தியம் முடிஞ்சுதே, குடிங்க. எப்படி இருக்கு?"

பயம் போனதும் வாய் வந்துவிட்டது. "என்னத்த இருக்கு. பல்லு கூசுது. என்ன இருந்தாலும் கஷ்பார் கை..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"கஷ்பார் கையா? இது உங்க கைங்க."

அவர் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார்.

"கல்யாணமான நாள்லருந்து ஒரு தட்டு கழுவாத மனுஷன், போன பனிக்காலத்துல கிணத்தடியில குந்திக் கல்லு கழுவுனீங்க. அன்னிக்கு ராத்திரியே, நீங்க தூங்கறப்போ சாவியை எடுத்து, நம்ம ஒயினை அவன் நிலவறைக்கு மாத்திட்டேன். நம்ம பீப்பாயில ஊத்துனது அவனோடது. அதைத்தான் இத்தனை நாளா சப்புக்கொட்டிக் குடிச்சீங்க."

எதிர் மேசையிலிருந்து கஷ்பார் மரியாதையாகக் கோப்பையை உயர்த்தினான்.

பெனெடெக் குரலைத் தாழ்த்தினார். "அவன் ஒயினுக்கு என்ன கொடுக்கணும்?"

"காசு வேணாம்னுட்டான். வாசல் சேறா கெடக்காம், கல்லு போதும்னான். உங்ககிட்டதான் ஒரு பீப்பாய் கல்லு இருக்கே."

மறுநாள் பெனெடெக் கல் சுமந்தார். நல்லவேளை, ஏற்கெனவே கழுவி வைத்திருந்தார்.